கிணற்றடி ஆயில் இன்ஜின் புங்க எண்ணெயில் மக்கர் செய்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

ஐந்து எச்.பி., ஒரே சிலிண்டர், நிமிடத்துக்கு 1500 சுற்று, கிணற்றுத் தண்ணீரிலேயே குளிரும் ஆயில் இன்ஜின். கரண்ட் இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் தோட்டங்களில் இன்றைக்கும் தண்ணீர் இறைப்பது இதுதான். நான் எழுதுவது இந்த வகை இன்ஜினை மட்டும் மனதில் வைத்து. காமன் ரெயில் (மிக அதிக அழுத்தத்தில் எரிபொருளைப் பீய்ச்சும் அமைப்பு) உள்ள புதிய கார், லாரி, டிராக்டர் எதிலும் புங்க எண்ணெய் ஊற்றும் இந்த வேலையைச் செய்யாதீர்கள். அவற்றின் பம்ப்பும், சிலிண்டருக்குள் எரிபொருளைப் பீய்ச்சும் நாசிலும் இதைத் தாங்காது.

புங்க எண்ணெயில் இன்ஜின் ஓடுமா என்ற கேள்வி பழையது. 1900-ல் பாரிஸ் உலகக் கண்காட்சியிலேயே ஒரு டீசல் இன்ஜின் கடலை எண்ணெயில் ஓடியது. நமக்குப் பக்கத்தில், கர்நாடகத்தின் மாண்டியா மாவட்டத்தில் கக்கனஹள்ளி என்ற ஊரில், 1990-களின் கடைசியில் புங்க எண்ணெயிலேயே ஜெனரேட்டர் ஓட்டினார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர் உடுப்பி சீனிவாசா முன்நின்று செய்த வேலை அது. ஆகவே ஓடும். முதல் நாள் எல்லோருக்கும் ஓடும். சில நூறு மணி நேரம் ஓடிய பிறகு உள்ளே என்ன ஆகியிருக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

எண்ணெய் டீசலைவிடச் சுமார் பத்து மடங்கு கெட்டி. கோளாறுகளில் பாதி அதிலிருந்து வருகிறது. மீதிப் பாதி எண்ணெயில் இருக்கும் தண்ணீர், கசடு, பிசினால் வருகிறது. இன்ஜினைக் குறை சொல்லிப் பிரிப்பதற்கு முன் இந்த இரண்டையும் பாருங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. பிரித்துப் போட்ட பிறகு எண்ணெய்தான் காரணம் என்று தெரிந்த இடங்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

ஒரு சொல் விளக்கம். இனி வரும் இடங்களில் ‘எண்ணெய்’ என்றால் எரிக்கும் எண்ணெய். ‘ஆயில்’ என்றால் இன்ஜினுக்கு அடியில் ஊற்றும் மசகு ஆயில். இரண்டையும் குழப்பினால் கீழே சொல்வது எதுவும் விளங்காது. வெறுமனே ‘பம்ப்’ என்றால் எண்ணெயை நாசிலுக்குத் தள்ளும் பம்ப், தண்ணீர் இறைக்கும் பம்ப் இல்லை.

எந்தக் கோளாறானாலும் முதலில் இது

உங்களிடம் இரண்டு டேங்க் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். சின்னதில் டீசல், பெரியதில் எண்ணெய், நடுவில் மாற்றுகிற காக். டீசலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் எண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துவதற்குப் பத்து நிமிடம் முன் மறுபடி டீசலுக்கு வர வேண்டும். ஒரே டேங்க்கில் குளிர்ந்த எண்ணெயை ஊற்றி ஹேண்டில் போடுகிறவர்கள் முதலில் இதைச் சரிசெய்யுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

கோளாறு தெரிந்ததும் டீசலுக்கு மாற்றிக் கால் மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். அறிகுறி போய்விட்டால் எண்ணெயின் சூடு அல்லது சுத்தத்தில் தப்பு. டீசலிலும் அதே அறிகுறி நின்றால், நாசிலோ பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கோ ஏற்கெனவே அடைத்துவிட்டது, அல்லது எண்ணெய்க்குத் தொடர்பில்லாத வேறு கோளாறு. ஸ்பேனரை எடுக்க வேண்டிய நேரம் அதுதான்.

காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை

பெரும்பாலும் முந்தின நாள் சாயங்காலத் தப்பு இது. மழை வந்தது, ஆள் அவசரமாகப் போனான், எண்ணெயிலேயே இன்ஜின் நின்றுவிட்டது. பம்ப்பிலும் நாசிலுக்குப் போகும் குழாயிலும் நிற்கும் எண்ணெய் ராத்திரி குளிரில் தடித்துப்போகும். தேங்காய் எண்ணெய் என்றால் சுமார் 24 டிகிரியிலேயே உறைந்துவிடும். மார்கழி விடியலில் குழாயே மெழுகுத்திரி போல ஆகியிருக்கும்.

டீசல் காக்கைத் திறந்து, ஃபில்டர் மேலுள்ள ஸ்குரூவைத் தளர்த்தி ஏர் எடுங்கள், அதாவது உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள். அடுத்து பம்ப்பில். பிறகு நாசில் பக்கத்து நட்டை ஒரு சுற்றுத் தளர்த்தி, டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிவிட்டு ஹேண்டிலைச் சுற்றுங்கள். மஞ்சளாகத் தடித்து வருவது நின்று தெளிவான டீசல் வரும்வரை சுற்ற வேண்டும். உறைந்திருந்தால் வெந்நீரில் நனைத்த துணியைக் குழாய்மேல் சுற்றினால் போதும். தீப்பந்தம் காட்டுவது வேண்டாம்.

டீசல் சுத்தமாக வந்தும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் ஹேண்டிலை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். கம்ப்ரஷன் வரும் இடத்தில் கைக்கு எதிர்த்து நிற்க வேண்டும். பொதபொதவென்று சுற்றினால் கீழே ரிங் பற்றிச் சொல்லியிருப்பதைப் படியுங்கள்.

வெள்ளைப் புகை அடங்கவே இல்லை

எரியாத எண்ணெய் ஆவியாக வெளியே போகிறது. கண் எரியும், வடை சுட்ட சட்டி வாசனை அடிக்கும். ஹெட் கேஸ்கட் போய்த் தண்ணீர் ஆவி வருகிறதோ என்று சந்தேகம் இருந்தால், சைலன்சர் வாயில் ஒரு வெள்ளைத் துணியைக் கம்பியில் கட்டி அரை நிமிடம் காட்டுங்கள். ஈரம் மட்டும் என்றால் தண்ணீர். பிசுக்காக, மஞ்சளாக ஒட்டினால் எண்ணெய்.

டீசலில் புகை நின்று, எண்ணெய்க்கு மாற்றியதும் வருகிறது என்றால் எண்ணெய் போதுமான சூட்டில் வரவில்லை. 40 டிகிரியில் அவ்வளவு கெட்டியாக இருக்கும் எண்ணெய், 80 டிகிரி வந்தால் அந்தக் கெட்டியில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இளகிவிடும். நாசில் அதைத் தூளாகப் பீய்ச்ச அந்தச் சூடு வேண்டும். சைலன்சரைச் சுற்றிப் போட்ட இரும்புக் குழாயில் சூடாகி வந்தாலும், அங்கிருந்து பம்ப்வரை மூன்றடி வெறும் குழாயாகக் காற்றில் கிடந்தால் வழியிலேயே ஆறிவிடும். ஆகவே சூட்டை பம்ப்புக்குள் நுழையும் இடத்தில் பாருங்கள். அந்த இடத்தில் குழாயைப் பிடித்தால் உடனே கையை எடுக்கத் தோன்ற வேண்டும். இல்லையென்றால் வழியில் சாக்கோ கயிறோ சுற்றி மூடுங்கள். சைலன்சரைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு காரணம் உண்டு. அதிகம் பேர் கவனிக்காதது, என் கணக்கில் மிக முக்கியமானது. நம் இன்ஜின்களில் குளிரூட்டும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? டெலிவரி குழாயிலிருந்து ஒரு அரை இஞ்சு கிளையில் கிணற்றுத் தண்ணீர் நேராக, சிலிண்டரைச் சுற்றியுள்ள ஜாக்கெட்டுக்குள் போய், மறுபக்கம் வாய்க்காலில் விழுகிறது. இன்ஜின் சூடாகக் கூடாது என்ற பயத்தில் அந்த வால்வை முழுக்கத் திறந்து வைத்திருப்பார்கள். வெளியே விழும் தண்ணீர் குளிக்கிற பதத்தில் வெதுவெதுப்பாக இருக்கும். டீசலில் அது தப்பித்துக்கொள்ளும், எண்ணெயில் தப்பிக்காது. சிலிண்டர் சுவர் குளிர்ந்து கிடந்தால் அதில் படும் எண்ணெய் எரியாமல் ஒட்டி, கரியாகிறது அல்லது ரிங்கைத் தாண்டி ஆயிலில் இறங்குகிறது.

வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடி, வெளியே விழும் தண்ணீரில் இரண்டு மூன்று நொடிக்கு மேல் விரலை வைக்க முடியாத சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். 60 முதல் 70 டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஒரேயடியாக மூடிவிட்டால் இன்ஜின் பிடித்துவிடும். ஆகவே முதல் நாள் பக்கத்திலேயே இருந்து பாருங்கள், சரியான இடம் கிடைத்ததும் வால்வில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

இழுவை இல்லை, வேகம் ஏறி இறங்குகிறது

ஒரு லிட்டர் எண்ணெயில் டீசலைவிடச் சக்தி கொஞ்சம் குறைவு, நூற்றுக்கு ஐந்து அளவு என்று சொல்லலாம். வாய்க்காலில் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. தெரிகிற அளவுக்குத் தண்ணீர் குறைந்தால் ஃபில்டரைத்தான் பார்க்க வேண்டும்.

பம்ப்புக்குப் போகும் குழாயைக் கழற்றி ஒரு டம்ளரில் விடுங்கள். எண்ணெய் சூடாக இருக்கும், ஜாக்கிரதை. அறுபடாத தாரையாக விழ வேண்டும். சொட்டுச் சொட்டாக விழுந்தால் ஃபில்டரைப் பிரியுங்கள். கறுப்புத் துகள் ஒட்டியிருந்தால் கசடு. விரலில் வழவழவென்று, ஊறிய வெண்டைக்காய்ச் சாறு போல நீண்டால் அது பிசின். பிசின் எத்தனை தடவை துணியில் வடிகட்டினாலும் போகாது, ஏனென்றால் அது எண்ணெயில் கரைந்து கிடக்கிறது. தண்ணீர் பட்டால்தான் பிரிந்து கீழே வரும்.

அதை எடுக்கும் முறை இது. எண்ணெயை 70 டிகிரிக்குச் சூடாக்கி, 100 லிட்டருக்கு இரண்டு மூன்று லிட்டர் வெந்நீர் விட்டுக் கால் மணி நேரம் மெதுவாகக் கலக்கி, ராத்திரி முழுக்க ஆடாமல் வையுங்கள். காலையில் அடியில் பழுப்பாகக் குழம்பு நிற்கும். அதை அடிக் குழாய் வழியாக வடித்துவிட்டு, மேலே இருப்பதைத் தண்ணீர் போகும்வரை காய்ச்ச வேண்டும். அகலமான பாத்திரம், பாதி அளவு, மெதுவான தீ. ஈரம் இருக்கும்வரை பொங்கும், பக்கத்தைவிட்டு நகராதீர்கள்.

தண்ணீர் போய்விட்டதா என்று பார்க்கக் கரண்டி போதும். ஒரு கரண்டி எண்ணெயை அடுப்பில் காட்டுங்கள். சடசடவென்று வெடித்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. சத்தமில்லாமல் புகைய ஆரம்பித்தால் காய்ந்துவிட்டது. பிறகு ஒரு வாரம் தெளியவிட்டு, தண்ணீர் சுத்திகரிப்பு மெஷினுக்குப் போடும் 5 மைக்ரான் ஃபில்டரில் விடுங்கள். பனியன் துணியோடு நிறுத்திக்கொள்வது போதாது.

ஜெர்மனியில் ரேப்சீட் எண்ணெயை எரிபொருளாக விற்பதற்கு டின் (DIN) 51605 என்று ஒரு தரமே உண்டு. அதில் தண்ணீர் நூற்றுக்கு 0.075-க்குமேல் போகக் கூடாது. பிசினை அளக்கும் பாஸ்பரஸ் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. செக்கிலிருந்து நேராக வரும் எண்ணெய் அதற்குப் பக்கத்தில்கூட வராது. இதைச் சொல்வதற்குக் காரணம், சுத்தம் செய்யும் வேலையை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான்.

ஓட்டல் கடாயில் மிஞ்சிய எண்ணெய் என்றால் இந்த வேலை இரண்டு மடங்கு. அதில் உப்பு, மாவு, தண்ணீர் மூன்றும் இருக்கும், புளிப்பும் (அமிலத்தன்மை) ஏறியிருக்கும். நனைந்த கொட்டையிலும், வருடம் தாண்டிய பழைய கொட்டையிலும் ஆட்டிய புங்க எண்ணெயிலும் அதே புளிப்பு உண்டு. எக்ஸ்பெல்லரில் நாலு கிலோ கொட்டைக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் கிடைக்கும். அந்த நாலு கிலோவும் காய்ந்ததாக, புதியதாக இருக்கட்டும்.

ஃபில்டர் சுத்தமாக இருந்தும் வேகம் ஏறி இறங்கினால், எண்ணெயோடு தண்ணீரோ காற்றோ சேர்ந்து வருகிறது. காற்று என்றால் குழாய் இணைப்புகளின் வாஷர்களை மாற்றுங்கள். தண்ணீர் என்றால் எண்ணெயை மறுபடி காய்ச்சுங்கள்.

கறுப்புப் புகை, டொக் டொக் என்று தட்டும் சத்தம்

நாசில் முனையில் கரி கட்டியிருக்கிறது. இன்ஜெக்டரைக் கழற்றினால் கண்ணாலேயே தெரியும். மூன்று துளைகளைச் சுற்றிலும் காளான் குடை போலக் கரி பூத்திருக்கும். சில சமயம் ஒரு துளை முழுக்க மூடி, மற்ற இரண்டும் பக்கவாட்டில் பீய்ச்சும். அந்தப் பக்கத்துப் பிஸ்டன்தான் பிறகு வெந்துபோகும்.

இன்ஜெக்டரை வெளியே திருப்பிக் குழாயில் மாட்டி, ஹேண்டில் சுற்றிப் பார்க்கலாம். பனி போலத் தூளாக வந்து ‘கிர்ர்’ என்று அறுத்து நிற்க வேண்டும். தாரையாக வந்தாலோ, நின்ற பிறகு முனையில் ஒரு சொட்டு தொங்கினாலோ அது கெட்ட நாசில். கையை அருகில் கொண்டுபோகவே கூடாது. இந்த வகை இன்ஜின்களில் நாசில் திறக்கும் அழுத்தம் பெரும்பாலும் 200 பார் அளவு. அந்த வேகத்தில் வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். போனால் வலிக்காவிட்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கரியை இரும்பு பிரஷ்ஷால் சுரண்டினால் துளை கெடும். ஒரு ராத்திரி டீசலில் ஊறப்போட்டு, பித்தளை பிரஷ்ஷால் தேய்த்து, டீசல் பம்ப் சர்வீஸ் கடையில் கொடுத்து அழுத்தம் பார்த்து வாங்குங்கள்.

நாசில் சுத்தமாகி ஐம்பது மணி நேரத்துக்குள் மறுபடி அடைத்தால் சுமையைப் பாருங்கள். ஐந்து எச்.பி. இன்ஜினில் சின்னத் தண்ணீர் பம்ப்பை மாட்டி லேசாக ஓட்டினால் உள்ளே சூடு ஏறாது, கரி சேர்ந்துகொண்டே இருக்கும். எண்ணெயில் ஓட்டும் இன்ஜினுக்கு முக்கால் பங்குச் சுமையாவது வேண்டும். சும்மா ஓடும் நேரமெல்லாம் டீசலில் ஓடட்டும். பாவம் பார்த்து லேசாக ஓட்டும் இன்ஜின்தான் இந்த விஷயத்தில் சீக்கிரம் கெடுகிறது.

ஆயில் கம்பியில் அளவு ஏறுகிறது

பக்கத்துத் தோட்டத்துத் தம்பி ஒருநாள் சந்தோஷமாக வந்து சொன்னான்: “அண்ணா, நம்ம இன்ஜின் ஆயிலே குடிக்கறதில்லீங்க. போன வாரம் பார்த்ததுக்கு இப்ப அளவு ஏறித்தான் இருக்குது.” எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “இன்ஜினை நிறுத்திட்டயா?” என்றேன். “இல்லீங்ணா, ஓடிட்டுத்தான் இருக்குது.” கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடினோம்.

ஆயில் தானாகக் கூடாது. மேலே எரியாத எண்ணெய் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கியிருக்கிறது. டீசல் இறங்கினால் சூட்டில் ஓரளவு ஆவியாகிப் போய்விடும். எண்ணெய் அப்படிப் போகாது. அங்கேயே தங்கி, சூட்டிலும் காற்றிலும் தடித்து, ஒருநாள் திடீரென்று கூழாகிவிடும். ஆளி விதை எண்ணெய் பெயின்ட்டில் காய்ந்து தோலாவதும் இதே வேலைதான். அயோடின் எண் என்று ஒன்று உண்டு. அது கூடக் கூட எண்ணெய் சீக்கிரம் காயும். ஆளி விதைக்கு 170-க்குமேல், சூரியகாந்திக்கு 110-க்குமேல், புங்கத்துக்கு 80, 90 வாக்கில், தேங்காய்க்குப் பத்தை ஒட்டி. சூரியகாந்தி எண்ணெயைவிடப் புங்கமும் தேங்காயும் இன்ஜினுக்கு ஏற்றவை என்று சொல்வதற்கு இது ஒரு பெரிய காரணம்.

தினமும் ஸ்டார்ட் செய்வதற்கு முன் கம்பியை எடுத்துப் பாருங்கள். அளவை மட்டும் பார்க்காமல் ஒரு சொட்டை நியூஸ் பேப்பரில் விடுங்கள். நல்ல ஆயில் நடுவில் கறுப்பும் சுற்றி வெளிறிய வளையமுமாகப் பரவும். பரவாமல் தார்ச் சொட்டு மாதிரி நின்றால் மாற்றியாக வேண்டும். கம்பியிலிருந்து வழியாமல் நூலாக இழுத்தால் அந்த நிமிடத்திலிருந்து இன்ஜினை ஓட்டாதீர்கள். ஆயில் பம்ப் அதை இழுக்காது, பேரிங் காய்ந்துபோகும்.

அன்றைக்கு நாங்கள் போனபோது இன்னும் கூழாகவில்லை, கரும்புப் பாகு பதத்தில் இருந்தது. நிறுத்தி, சூடு ஆறுவதற்குள் அடி நட்டைக் கழற்றி வடித்தோம். புது ஆயில் ஊற்றி, டீசலில் பத்து நிமிடம் சுமையில்லாமல் ஓட்டி, அதையும் வடித்துவிட்டு மறுபடி புது ஆயில். இரண்டு தடவை ஆயில் செலவானது அவனுக்கு வருத்தம்தான். ஆனால் கிராங்க் தப்பித்தது.

கம்பெனி சொல்லும் மணிக்கணக்கில் பாதியிலேயே ஆயில் மாற்றுங்கள். மோட்டார் ரூம் சுவரில் கரியால் மணி எழுதி வையுங்கள். ஞாபகத்தை நம்ப வேண்டாம்.

நீலப் புகை, மூச்சுக் குழாயில் ஊதல்

ரிங் காடிக்குள் கரி ஏறி ரிங் ஒட்டிக்கொண்டது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குப்குப்பென்று வரும், ஹேண்டிலில் கம்ப்ரஷன் இருக்காது. இதற்குக் குறுக்கு வழி கிடையாது. ஹெட்டை இறக்கி, பிஸ்டனை வெளியே எடுத்து ஒருநாள் மண்ணெண்ணெயில் ஊறப்போடுங்கள். ரிங்கை நெம்பினால் உடையும். ஊறிய பிறகு விரலாலேயே அசைந்து கொடுக்கும். காடியைச் சுத்தம் செய்ய உடைந்த பழைய ரிங் துண்டைவிட நல்ல கருவி இல்லை. அதே அளவு என்பதால் கரியை மட்டும் வழிக்கும், அலுமினியத்தைத் தின்னாது. லைனரில் கோடு விழுந்திருந்தால் லேத் பட்டறைக்குப் போக வேண்டியதுதான்.

நாள்பட நின்ற இன்ஜின்: வேகம் கட்டுக்குள் வரவில்லை

மழைக்காலம் முழுக்க எண்ணெயோடு நின்ற இன்ஜினில், எண்ணெயை அழுத்தித் தள்ளும் பம்ப் எலிமென்ட் வார்னிஷ் பூசியது போல ஒட்டியிருக்கும். ஹேண்டில் போடுவதற்கு முன், பம்ப்பில் எண்ணெய் அளவைக் கூட்டிக் குறைக்கும் ராக்கைக் கையால் இப்படியும் அப்படியும் தள்ளிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போய்த் திரும்ப வேண்டும். அசையவில்லை என்றால் ஸ்டார்ட் செய்யவே கூடாது. முழு எண்ணெய் நிலையில் ராக் ஒட்டியிருந்தால் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரால் அடக்க முடியாது, வேகம் ஏறிக்கொண்டே போய் ஃப்ளைவீல் சிதறும் அபாயம் உண்டு. டீசலில் ஊறவிட்டு, வெந்நீர்த் துணி சுற்றி, மெதுவாக அசையுங்கள். சுத்தியல் எடுத்தால் எலிமென்ட் போச்சு.

தப்பித் தவறி வேகம் எகிறிவிட்டால் ஏர் கிளீனர் வாயை ஒரு பலகையால் மூடுங்கள். துணியை உள்ளே இழுத்துக்கொள்ளும், கையை வைக்கவே கூடாது. ஃப்ளைவீலுக்கு நேராக யாரும் நிற்கக் கூடாது. அந்தப் பலகை எப்போதும் இன்ஜின் பக்கத்திலேயே இருக்கட்டும்.

ஒழுகல், பச்சைப் பிசின்

ரப்பர் குழாயும் வாஷரும் எண்ணெயில் ஊறி உப்பி, விரலால் அழுத்தினால் பஞ்சு போல அமுங்கும். ‘விட்டான்’ (Viton) என்ற ரப்பர் வகையைக் கேட்டு வாங்கிப் போட்டால் நிற்கும்.

செம்புக் குழாய் வேண்டாம். வளைக்கச் சுலபமென்று சைலன்சரைச் சுற்றி முதலில் நான் போட்டது செம்புதான். சூடான எண்ணெயில் இருக்கும் புளிப்பு செம்பை அரிக்கிறது, கரைந்த செம்பு எண்ணெயை இன்னும் வேகமாகத் தடிக்க வைக்கிறது. ஒரு மாதத்தில் இணைப்புகளில் பச்சையாகப் பிசின் கசிந்தது, ஃபில்டர் வாரத்துக்கு இரண்டு தடவை அடைத்தது. செம்பை எடுத்துவிட்டு இரும்புக் குழாய் போட்டேன், அந்த அடைப்பு நின்றது. உங்கள் லைனில் பித்தளை யூனியன் ஏதாவது மிச்சமிருந்தால் அடுத்த தடவை ஃபில்டர் மாற்றும்போது அதையும் இரும்புக்கு மாற்றிவிடுங்கள்.